ஊட்டுக்கு யாருங்க சொல்றது?

உன் நெய்ச் சம்படம் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. இன்று காலை ஸ்டேப்ளர் பின் தேடித் துழாவியபோது கையில் தட்டுப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற எவர்சில்வர் சம்படம். மூடியில் உன் கல்யாணத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர் வெட்டியிருக்கும், அதில் பாதி தேய்ந்துவிட்டது. திறந்து பார்த்தேன். இத்தனை வருஷம் காலியாகக் கிடந்த பாத்திரத்தில் வாசனை இருக்க நியாயமே இல்லை. ஆனால் இருந்தது. முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய ராசிபுரத்து நெய். இருக்கிற கொஞ்சமும் போய்விடப் போகிறதே என்று உடனே மூடிவிட்டேன்.

அதற்கு முன்பே கணினி உன் பெயரைச் சொல்லிவிட்டது. நாமக்கல் லாரிக் கம்பெனிக்கு நாம் வரைந்த படங்களைத் திரும்பத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் படமும் திறந்தது, திருத்த விட்டது. விபத்துப் படத்தில் மட்டும் கை வைத்ததும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, இந்தப் படம் பூட்டப்பட்டிருக்கிறது என்றது. அதன் கீழே, பூட்டியவர் என்று போட்டு உன் பெயர், இனிஷியலோடு.

நீ போய் மூன்று வருஷமாகிறது. உன் நாற்காலியில் இப்போது யார் யாரோ உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அஸ்தம்பட்டி ஆபீஸில் மாடிப்படி ஏறி வந்ததும் கண்ணில் படுகிற உன் பெயர்ப்பலகையைக் கூடக் கழற்றியாகிவிட்டது. மென்பொருள் மட்டும் இதையெல்லாம் கேள்விப்படவில்லை. நீ எங்கேயோ டீ குடிக்கப் போயிருப்பதாகவும், வந்து பூட்டைத் திறப்பாய் என்றும் அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

பூட்டைத் திறக்கிற அதிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. அட்மின் நான்தானே. உனக்குப் பிறகு வந்த டீம் லீடர், நல்ல பையன், ஒரு கிளிக்தானே மேடம் என்றான். ஒரு கிளிக்தான். ஒரு வாரமாக அந்த ஒரு கிளிக்கை நான் செய்யவில்லை. படத்தைத் திறந்து பார்க்கவும் இல்லை. பூட்டியிருந்தாலும் பார்க்கலாம், திருத்தத்தான் முடியாது. ஆனாலும் பார்க்கவில்லை.

நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மா அடிக்கடி கேட்பார், நீ ஆபீஸில் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று. நான் ஆர்க்கிடெக்சர் மாடலிங் என்று ஆரம்பித்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். நீ உன் வீட்டுக்காரருக்குச் சொன்னதைத்தான் இப்போது நானும் சொல்கிறேன். "லாரி நட்டநடு ரோட்டுல நின்னு போச்சுன்னா யாரு யாருக்கு, எதுக்கப்பறம் எதைச் சொல்லோணும்னு படம் போடறமுங்க." அவ்வளவுதான். மேலே வரிசையாகப் பெட்டிகள்: டிரைவர், கன்ட்ரோல் ரூம், ஓனர், மெக்கானிக். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கீழே ஒரு புள்ளிக்கோடு. இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு அம்புகள். மேலிருந்து கீழே படித்தால் நேரம் நகரும். சீக்வென்ஸ் டயகிராம் என்று நாம் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது இதைத்தான்.

நீ நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸின் கன்ட்ரோல் ரூமில் பதினோரு வருஷம் போன் எடுத்தவள். வேலை நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்வதற்குத்தான் உன்னை எடுத்தார்கள், வரைவதற்கு நான். இரண்டே மாதத்தில் நீயும் வரையக் கற்றுக்கொண்டாய், என்னிடம் கேட்காமலேயே. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் முதன்முதலில் பெருமையாக வரைந்து காட்டிய படத்தை நீ மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாய். அதில் கன்ட்ரோல் ரூம் வண்டி நிற்கிற இடத்தைச் சொல்வதற்கு முன்பே மெக்கானிக் கிளம்பிவிட்டிருந்தான். "ஏனுங்க, உங்க மெக்கானிக்குக்கு ஜோசியம் தெரியுங்களா?" என்றாய். ஆபீஸே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில்தான் நம் ஒத்திகை ஆரம்பித்தது. உன் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை நடுவில் வைத்து, இவரு டிரைவரு என்றாய். டிபன் பாக்ஸ் மூடி கன்ட்ரோல் ரூம். என் உயரமான தண்ணீர் பாட்டில் ஓனர், ஏனென்றால் அதுதான் எல்லோரையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். ஸ்பூன் மெக்கானிக். மோர் பாக்கெட் இன்சூரன்ஸ், எப்போது பீய்ச்சி அடிக்கும் என்று தெரியாது. ஒரே ஒரு விதி வைத்தாய். யாராவது வந்து சொன்னால்தான் ஒரு பொருள் நகர வேண்டும், தானாக நகரக் கூடாது. சொன்னாத்தான் நகரோணும். அந்த விதியை வைத்துக்கொண்டு சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே முப்பது, நாற்பது படங்களை ஓட்டிப் பார்த்திருப்போம். மேஜையில் சரியாக வந்த பிறகுதான் கணினியைத் தொடுவோம். மற்றவர்கள் நம்மைச் சொப்பு வைத்து விளையாடுகிறவர்கள் என்பார்கள். ஆனால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பாத படங்கள் நம்முடையவைதான்.

நான் டவுனில் பிறந்தவள். அம்மா போன பிறகு ஒரு போர்ஷனில் தனியாக இருக்கிறேன், அண்ணன் கனடாவில். இதையெல்லாம் நீ முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாய். புது அடையாள அட்டை அடிக்க எல்லோரிடமும் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண் கேட்டார்கள். உன் அட்டைக்கு உன் வீட்டுக்காரர் எண். நான் கனடா எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ரோட்டுல உழுந்தா அவரு அங்கிருந்து பிளேன் புடிச்சு வாரதுக்குள்ள நீங்களே எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவீங்க சாமி" என்றாய். பேனாவைப் பிடுங்கி உன் எண்ணை எழுதினாய். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு ஒரு கோடு மட்டும் கிழித்தாய்.

உன் ஊர்ப்பக்கம் திட்டுவதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். நான் உன்னை நீ என்பேன், நீ என்னைக் கடைசிவரை நீங்க என்றுதான் சொன்னாய். சாயங்காலம் ராசிபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு நாள் விடாமல் என் மேஜைக்கு வந்து, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போவாய். போகிறேன் என்று நீ சொல்லிக் கேட்டதே இல்லை.

விபத்துப் படத்துக்கு வருகிறேன். அந்த வாரம் மேஜையில் எல்லாம் சரியாக ஓடியது. வண்டி கவிழ்கிறது, கிளீனர் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிடுகிறான், கன்ட்ரோல் ரூம் ஓனருக்கு, போலீசுக்கு, இன்சூரன்சுக்கு, சரக்கு ஏற்றிய கம்பெனிக்கு. ஸ்பூன் கிளம்பிவிட்டது, மோர் பாக்கெட்டும் வந்துவிட்டது. நான், அவ்வளவுதான், முடிந்தது என்றேன். நீ ஊறுகாய் பாட்டிலையே பார்த்தாய். பிறகு நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன்.

"நான் இருந்தப்ப ஒரு வண்டி ஆந்திராவுல கவுந்து போச்சுங்க. டிரைவரு அங்கியே முடிஞ்சுட்டாரு. ஓனருக்குச் சொல்லியாச்சு, இன்சூரன்சுக்குச் சொல்லியாச்சு, லோடு ஏத்துனவங்களுக்கும் சொல்லியாச்சு. காத்தால பத்து மணிக்கு அவரு சம்சாரம் போன் பண்ணுது. அவரு போனை எடுக்க மாட்டீங்கறாருங்க, வண்டி எங்கீங்க இருக்குதுன்னு. எனக்குத் தெரியும். ஆனா அந்தம்மாகிட்டச் சொல்லுன்னு எனக்கு ஆரும் சொல்லலீங்க. சிக்னல் இருக்காதுங்கம்மான்னு சொன்னேன். நாலு தடவை கூப்புட்டுது சாமி. நாலு தடவையும் சிக்னல் இல்லீன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு நெய்ச் சம்படத்தை எடுத்து மேஜையின் ஓரத்தில், டிபன் மூடிக்குப் பக்கத்தில் வைத்தாய். இது ஊடு என்றாய். உன் வீட்டுக்காரரும் லாரி ஓட்டுகிறவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே படத்தில் கடைசியாக இன்னொரு பெட்டி வந்தது. டிரைவர் வீடு என்று நான் எழுதினேன். நீ அதை அழித்துவிட்டு ஊடு என்று அடித்தாய். கன்ட்ரோல் ரூமிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஒரு அம்பு போட்டோம், தகவல் தருதல் என்று. அந்த மத்தியானம் நீ சம்படத்தை என் மேஜையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாய். கழுவித் துடைத்து, நாளைக்குத் தரலாம் என்று இழுப்பறையில் வைத்தேன்.

அந்த நாளைக்குத்தான் நாமக்கல்லில் மீட்டிங். திரையில் நம் படங்கள், சுட்டி என் கையில். அந்தக் கம்பெனி மேலாளர் கெட்டவர் இல்லை, டீயும் பிஸ்கட்டும் அவரே எடுத்துக் கொடுத்தார். விபத்துப் படம் வந்ததும் அந்தக் கடைசிப் பெட்டியைக் காட்டி, ஊடு நம்ம சிஸ்டத்துக்கு வெளியே இருக்குதுங்களே, எடுத்துருங்க என்றார். நீ எழுந்தாய். "ஏனுங்க, அப்ப ஊட்டுக்கு யாருங்க சொல்றது?" என்று கேட்டாய். அதெல்லாம் ஓனர் பாத்துக்குவாருங்க என்றார் அவர். நீ அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தாய்.

நான் டிலீட் அழுத்திவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியும் போயிற்று, அம்பும் போயிற்று. அடுத்த படத்துக்குப் போகலாங்களா என்று நான்தான் கேட்டேன். ஒப்புதல் தாளில் அன்றைக்கே கையெழுத்து வேண்டும், ஆபீஸில் எனக்கு நல்ல பேர் வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட். நீ ஜன்னல் பக்கம். நான் மீட்டிங் நல்லபடியாக முடிந்ததைப் பற்றி ஏதேதோ பேசினேன். ராசிபுரம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய், இறங்கினாய். வாரேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் நான் வருவதற்குள் நீ வேலையில் இருந்தாய். விபத்துப் படத்தைப் பூட்டியிருக்கேனுங்க என்று மட்டும் சொன்னாய். கையெழுத்தான தாள்கள் போய்விட்டன, இனிப் பூட்டினால் என்ன, திறந்தால் என்ன என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூட்டட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகு நாம் சண்டை போடவே இல்லை. அதுதான் கஷ்டம். நன்றிங்க, சரிங்க, பாத்துக்கலாமுங்க. நீ ஒரு மணிக்குச் சாப்பிட்டாய், நான் இரண்டு மணிக்கு. சம்படத்தை நீ கேட்கவில்லை, கேட்கட்டும் என்று நானும் தரவில்லை. அறுபது அடி நீள ஆபீஸில் நாலு மாதம் இப்படி ஓட்டினோம் என்பதை நினைத்தால் இரண்டு பேரையும் பிடித்து ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. என்னை இரண்டு அறை.

ஒரு திங்கட்கிழமை நீ வரவில்லை. போன் செய்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. செவ்வாய் அடித்தேன், எடுக்கவில்லை. இவ்வளவு அழுத்தமா, எடுக்காவிட்டால் போ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இதே வார்த்தைகளில் சொன்னேன், அதனால்தான் எழுதுகிறேன். புதன்கிழமை உன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் ஆபீஸ் மடிக்கணினியையும் உன் அடையாள அட்டையையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். மொட்டைத் தலை. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புரியவில்லை. அவருடைய அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அவர் நாக்பூர் தாண்டி லோடோடு போய்க்கொண்டிருந்திருக்கிறார். உடம்பு சரியில்லை, வா என்று மட்டும்தான் அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து சேர்ந்து, திங்கட்கிழமை சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உங்களுக்கு ஆருமே சொல்லலீங்களா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எழவு சொல்லி விடுவதற்கு உங்களில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உன் பொறந்த ஊட்டுக்கு, பிறகு மாமன் மச்சான், பங்காளிகள், சம்பந்தி வீடுகள். பொறந்த ஊட்டிலிருந்து கோடித் துணி வருகிற வரைக்கும் எதுவும் நகராது. நீயே ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் இதை எனக்கு விளக்கி, பாருங்க, இதுவும் நம்ம படந்தானுங்க என்று சிரித்திருக்கிறாய். அந்த வரிசையில் கூட வேலை பார்த்தவளுக்குக் கோடு கிடையாது. உன் அட்டையில் அவர் எண் இருந்தது. என் எண் உன் போனுக்குள் இருந்தது, அந்தப் போனைத் திறக்கிற எண் உன்னோடு போய்விட்டது. நீ மூச்சில்லாமல் கிடந்த நேரத்தில் நான் உன் மேல் கோபமாக இருந்தேன். யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருப்பேன்.

உனக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் போகும்போது ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கல் ஓரத்தில் ஏற்றி வைக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், அவருக்கு உன் நெய் பிடித்திருக்கும்.

இன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு படத்தைத் திறந்தேன். நான் பார்க்கப் போவது கையெழுத்தான, ஊடு இல்லாத படம் என்றுதான் நினைத்தேன். ஒரு கோடு கூடுதலாக இருந்தது. ஊடு திரும்ப வந்திருந்தது. எப்படி என்று ஒரு நொடியில் புரிந்தது. நான் அழுத்திய டிலீட் படத்திலிருந்து மட்டும்தான் எடுக்கும். மாடலின் இடது பக்கப் பட்டியலில் அந்தப் பெட்டி அப்படியே இருக்கும், அங்கிருந்தும் எடுக்க வேண்டுமானால் தனியாக அழிக்க வேண்டும். மறுநாள் காலையில் நீ அதைப் பட்டியலில் இருந்து இழுத்து வந்து அதே இடத்தில் வைத்திருக்கிறாய். வைத்துவிட்டுப் பூட்டியிருக்கிறாய். எனக்குத் தெரிந்துதான் படத்திலிருந்து மட்டும் எடுத்தேன், உனக்காகத்தான் விட்டுவைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். பொய். நான் அவசரத்தில் இருந்தேன்.

கன்ட்ரோல் ரூமிலிருந்து ஊட்டுக்கு அம்பும் போட்டிருக்கிறாய். ஆனால் பெயர் இல்லை. பழைய 'தகவல் தருதல்' இல்லை. அதன் மேல் வெறும் வெள்ளை. பெயரில்லாத அம்பை நீ விட்டுவைத்து நான் பார்த்ததே கிடையாது, என்னுடையதில் ஒன்று இருந்தால்கூட ஊரைக் கூட்டுவாய். நான் எழுதட்டும் என்று எனக்காக விட்டாய் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. அப்படி இருக்காது. நாலு தடவை கூப்பிட்ட அந்த அம்மாவிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு உனக்கே வார்த்தை வரவில்லை.

பூட்டைத் திறந்தேன். ஒரு கிளிக்தான். உன் பெயர் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழிவறையில் போய் இருந்துவிட்டு வந்தேன்.

இதை எழுதி நிறுத்தி நாலு நாள் ஆகிறது. நடுவில் நாமக்கல் போய் வந்தேன். தனியாகத்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது.

வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டி, என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே புது மேலாளர். கடைசிப் பெட்டியைப் பார்த்ததும் இவரும் அதையேதான் கேட்டார், ஊடு இதுல எதுக்குங்க மேடம் என்று. என் கை சுட்டி மேல் இருந்தது. எடுத்துவிட்டேன், கையை. மடியில் வைத்துக்கொண்டேன். இது இருக்கணும் சார், ஏன் என்று சொல்கிறேன் என்றேன். ஆந்திரா, காலை பத்து மணி, நாலு போன். உன் பெயரைச் சொல்லவில்லை, போன் எடுத்த பெண் என்றுதான் சொன்னேன்.

சுவர் ஓரத்தில் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. படம் புரியவில்லை என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. நான் மேஜையில் இருந்த டீ கிளாஸ்களை வரிசையாக வைத்து, இது டிரைவர், இது நீ, இது ஓனர் என்று ஆரம்பித்தேன். ஊட்டுக்குக் கிளாஸ் இல்லை. பையில் உன் சம்படம் இருந்தது. அதை எடுத்து ஓரத்தில் வைத்தேன். சொன்னால்தான் நகரலாம் என்று உன் விதியையும் சொன்னேன். எல்லாக் கிளாஸும் நகர்ந்தன. சம்படம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் வந்துச்சுன்னா நான் என்னங்க சொல்லோணும்?" என்று கேட்டாள். மேலாளரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லும்மா," என்றேன். "சிக்னல் இல்லைன்னு மட்டும் சொல்லாதே."

மேலாளர் பேனாவைத் திறந்தார். யார் சொல்ல வேண்டும், ஓனருக்குச் சொன்ன எத்தனை நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் தனியாகச் சொல்ல வேண்டாம், ஷிப்டில் மூத்தவர் கூட இருக்க வேண்டும் என்று அவராகவே சேர்த்தார். இருக்கட்டுங்க மேடம் என்றார். அங்கேயே, எல்லோர் முன்னாலும், உன் வெள்ளை அம்பின் மேல் 'உள்ளதைச் சொல்லுதல்' என்று அடித்தேன். இந்தத் தடவை நான் பூட்டினேன். பூட்டியவர் என்று என் பெயர் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பூட்டினேன்.

உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் டிபனைத் திறந்துகொண்டே, வெச்சாச்சு உன் ஊட்டை என்று சொல்லியிருப்பேன். அப்படிங்களா என்று ஒன்றும் இல்லாதது போல் கேட்டுவிட்டு என் சோற்றில் நெய் விட்டிருப்பாய்.

வெளியே வரும்போது காவலாளி அட்டையைத் திருப்பித் தந்தார். நோட்டில் ஒரு கட்டத்தை நான் விட்டுவிட்டேனாம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்ததை அவரே நோட்டில் எழுதிக்கொண்டார். உன் எண்தான். உறவு என்ற இடத்தில் நீ கிழித்த கோடும் அப்படியே அச்சாகியிருக்கிறது. இது யாருங்க என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அவர் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

எண்ணை மாற்றித் தரச் சொல்லி ஆபீஸில் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். நான் மாற்றவில்லை. மாற்றி எழுத எனக்கு ஆள் இல்லை என்பது பாதிக் காரணம்தான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு தடவை அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல், தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை. சிக்னல் இல்லை என்று சொல்லாமல் அந்தக் குரலாவது உள்ளதைச் சொன்னது. ராசிபுரத்தில் பஸ் நின்று ஆட்களை இறக்கியது. மடியில் சம்படத்தை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கு நான் ரோட்டில் விழுந்தால் யாரோ என் அட்டையைத் திருப்பிப் பார்த்து உன்னைத்தான் கூப்பிடுவார்கள். எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த எண் அங்கேயே இருக்கட்டும். எனக்கும் ஒரு ஊடு இருந்தது என்று யாராவது தெரிந்துகொள்ளட்டும்.